கழுவும் முன் படியுங்கள்: பழைய கண்ணாடி பாட்டில் சேகரிக்க ஒரு முழு வழிகாட்டி

இரண்டு கோடைக்கு முன் மதுரையில் எங்கள் தெருமுனை வீட்டுக் கிணற்றைத் தூர் வாரினார்கள். மேலே வந்த சேற்றுக் கூடை ஒன்றில், கழுத்து நசுங்கினாற்போல் ஒரு தடித்த பச்சை பாட்டில் கிடந்தது. கிணற்றுக்குள் இருந்தவர் மேலேறி வந்து, "தம்பி, உள்ள கோலிக்குண்டு இருக்கு பாருங்க, உடைச்சுக் குடுத்துரவா?" என்றார். "வேண்டாண்ணே, அப்படியே குடுங்க" என்று வாங்கிக்கொண்டேன். கையில் வாங்கியதும் குழாயடிக்கு ஓடத்தான் மனசு சொன்னது. ஆனால் அன்று அதைக் கழுவவில்லை. செய்தித்தாள் விரித்து, படம் எடுத்து, மூன்று நாள் அப்படியே வைத்திருந்தேன்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பாட்டிலைப் படித்துவிட்டுக் கழுவுங்கள். சேற்றின் நிறம், உள்ளே ஒட்டியிருக்கும் படிவு, வாயில் மிச்சமிருக்கும் தக்கைத் துணுக்கு, கிடைத்த இடம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு பழைய பாட்டில். அவசரமாகக் கழுவினால் கையில் வெறும் கண்ணாடி மட்டும்தான் மிஞ்சும்.

எங்கே தேடுவது

காயலான் கடைதான் முதல் பள்ளிக்கூடம். பழைய வீடு இடிக்கிறவர்கள், பரணைக் காலி செய்கிறவர்கள் கொண்டுவந்து போடும் பாட்டில்களை அங்கே எடைக்குத்தான் எடுப்பார்கள். கடைக்காரரிடம் "பழைய பாட்டில் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் பீர் பாட்டில் குவியலைக் காட்டுவார். "எழுத்து கண்ணாடியிலேயே புடைச்சு இருக்கும், மூடி இருக்காது, தக்கை போட்டிருக்கும்" என்று அடையாளம் சொல்லுங்கள். ஒரு பழைய பாட்டிலைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் இன்னும் நல்லது. மாதம் ஒருமுறை போய் நின்றால் நமக்கென்று தனியாக எடுத்து வைக்கத் தொடங்குவார்கள்.

அடுத்தது நாட்டு மருந்துக் கடைகளும் பழைய இங்கிலீஷ் மருந்துக் கடைகளும். கண்ணாடி அடைப்பான் போட்ட பெரிய சீசாக்கள் மேல் அலமாரியில் தூசி படிந்து நிற்கும். மூடிப்போன சோடா கம்பெனிகளின் பின்கட்டும் அப்படித்தான். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீட்டுச் சாமான்கள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மரத்தூணும் பித்தளைப் பாத்திரமும் பார்க்கப் போகிறவர்கள் பாட்டில் மூலையைக் கவனிப்பதில்லை. அங்கே வாங்கும்போது மட்டும் பின்னால் நான் சொல்லும் போலிகள் நினைவிருக்கட்டும்.

நாகப்பட்டினமும் பழவேற்காடும் டச்சுக்காரர்கள் இருந்த ஊர்கள், தரங்கம்பாடி 1845 வரை டேனியர்களிடம் இருந்தது. டச்சுக்காரர்கள் ஜின் அடைத்து அனுப்பிய பாட்டில் சதுரமாக, தோள் அகன்று அடி குறுகி இருக்கும். ஒரு மரப்பெட்டியில் இடைவெளி விடாமல் அடுக்குவதற்காக அந்த வடிவம். கடலோரத்தில் இவற்றின் உடைந்த துண்டுகள், அலையில் தேய்ந்து மழுங்கியவை, எப்போதாவது கண்ணில் படும். கறுப்பு மாதிரித் தெரியும் துண்டை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஆலிவ் பச்சையோ கரும்பழுப்போ தெரியும்.

தோண்டுவது பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் ஒரு கரண்டி மண்ணைக்கூட நகர்த்தக் கூடாது. அரிக்கமேடு, கீழடி போன்ற இடங்களில் கிடைக்கும் கண்ணாடி நமக்கு உரியது அல்ல. 1958-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தெளிவாகத் தடுக்கிறது. காப்புக்காட்டுக்குள்ளும் போகாதீர்கள். மண்ணுக்குள் புதைந்து, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். சொந்தத் தோட்டமோ, உரிமையாளர் சம்மதித்த குப்பைமேடோ என்றால் தடித்த தோல் கையுறை, காலை முழுதாக மூடும் பூட்ஸ் வேண்டும். டெட்டனஸ் ஊசியும் போட்டிருக்க வேண்டும். இடுப்பளவுக்கு மேல் பள்ளம் தோண்டாதீர்கள், சுவர் சரிந்தால் கூப்பிட ஆள் இருக்காது. நான் தோண்டுவதையே விட்டுவிட்டேன். கிணறு தூர் வாருகிறவர்களிடமும் வீடு இடிக்கிறவர்களிடமும் சொல்லி வைத்தாலே போதும், பாட்டில் நம்மைத் தேடி வரும்.

எப்படிப் படிப்பது

இந்த வேலைக்கு ஒரு டார்ச், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, மென்மையான பெயின்ட் பிரஷ் மூன்றும் போதும். காய்ந்த மண்ணைப் பிரஷால் தட்டிவிட்டு, பாட்டிலைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள்.

முதலில் அடிப்பக்கம். நடுவில் சொரசொரப்பான வட்டத் தழும்பு இருந்தால், ஊதும்போது பாட்டிலைப் பிடித்துக்கொண்ட இரும்புக் கம்பியை ஒடித்தெடுத்த இடம் அது. இங்கிலாந்து, அமெரிக்கப் பாட்டில்களில் இந்தத் தழும்பு பெரும்பாலும் 1860-களோடு மறைகிறது. அடி விளிம்பில் தேய்மானமும் இருக்க வேண்டும். பல்லாண்டு தரையிலும் அலமாரியிலும் உரசிய பாட்டிலில் பொடிப்பொடியான கீறல்கள் எல்லாப் பக்கமும் ஓடும்.

அடுத்து அச்சுக் கோடு. பாட்டிலின் இரு விலாவிலும் மெல்லிய மேடாக ஒரு கோடு ஓடும். இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடம் அது. விரல் நகத்தால் அதைப் பிடித்து மேலே போங்கள். வாய்க்குக் கொஞ்சம் கீழே கோடு மறைந்துவிட்டால், உடலை அச்சில் ஊதிவிட்டு உதட்டைக் கையால் கருவி வைத்து முடித்திருக்கிறார்கள் என்று பொருள். கோடு உதட்டைத் தாண்டி மேல்வரை ஏறினால் அது இயந்திரத்தின் வேலை. அமெரிக்காவின் மைக்கேல் ஓவன்ஸ் முழுத் தானியங்கி பாட்டில் இயந்திரத்தை உருவாக்கியது 1903-இல். மேல்நாட்டுப் பாட்டில்களுக்கு அந்தக் கோடு நல்ல நாள்காட்டி. நம் நாட்டுப் பாட்டிலுக்கு அதை அப்படியே நம்பக் கூடாது. சுதேசி உணர்வில் மக்கள் காசு போட்டு 1908-இல் மகாராஷ்டிராவின் தளேகாவில் தொடங்கிய பைசா ஃபண்டு கண்ணாடித் தொழிற்சாலை மாதிரியான இடங்களிலும், உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத் பட்டறைகளிலும் கையால் ஊதும் வேலை அதற்கப்புறமும் நெடுங்காலம் நடந்தது. கை வேலை தெரிகிறது என்பதற்காகவே நூறு வயது என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாவது வாய். தக்கை வாய், கோலி வாய், மரை வாய், இரும்பு மூடி வாய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. பல் பல்லாக மடங்கிய இரும்பு மூடிக்கு வில்லியம் பெயின்டர் 1892-இல் காப்புரிமை வாங்கினார். அந்த மூடிக்கேற்ற வாயுள்ள பாட்டில் அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க வழியில்லை. முட்டை மாதிரி அடி கூம்பி, நிற்கவே முடியாத சோடா பாட்டில் கிடைத்தால் அது அதற்கும் பழைய ரகம். படுக்கவைத்தே ஆக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். படுத்தால்தான் தக்கை நனைந்தே இருக்கும், காய்ந்து சுருங்கி வாயு தப்பாது.

நிறத்தையும் பாருங்கள். மணலில் கலந்திருக்கும் இரும்புதான் பழைய பாட்டில்களின் இளம் பச்சைக்கும் நீலப்பச்சைக்கும் காரணம். அந்தச் சாயலைப் போக்க 1880-களிலிருந்து முதல் உலகப்போர் வரை நிறைய மாங்கனீசு சேர்த்தார்கள். மாங்கனீசு சேர்ந்த கண்ணாடி வெயிலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் மெல்லிய கத்தரிப்பூ நிறம் ஏறும். கருநீலம் என்றால் கோபால்ட். இங்கிலாந்தில் நஞ்சு அடைத்த சீசாக்களைப் பெரும்பாலும் இந்த நீலத்திலோ பச்சையிலோ, ஆறு பட்டையாக, மேலே வரிவரியாகச் செய்தார்கள். இருட்டில் தொட்டாலும் இது மருந்து இல்லை என்று விரல் சொல்லிவிடும்.

நம் வீடுகளிலேயே கிடைப்பவை தனிக் கூட்டம். 1893-இல் தொடங்கிய அமிர்தாஞ்சன், 1851 முதல் விற்கும் வுட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர், ஹார்லிக்ஸ், மைக்கூடு, 1916-இல் விருதுநகரில் பிறந்த காளிமார்க்கின் கலர் பாட்டில் எல்லாம் பாட்டியின் அஞ்சறைப்பெட்டிப் பக்கமோ பரணிலோ இருக்கும். நூறு வயது ஆகாவிட்டாலும் இவற்றிலிருந்து தொடங்குங்கள் என்றே சொல்வேன். ஒரே மருந்தின் சீசா நாற்பது ஆண்டில் எப்படி எப்படி மாறியது என்று வரிசைப்படுத்தினால் அச்சுக் கோடும் வாயும் தானாகவே பழகிவிடும்.

கோலி சோடா பாட்டில்: கொஞ்சம் நின்று பார்க்கலாம்

தமிழ்நாட்டுச் சேகரிப்பில் இதற்குத்தான் முதல் மரியாதை. இங்கிலாந்துக்காரர் ஹைரம் காட் 1872-இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. கழுத்துக்குள் ஒரு கோலி, வாயின் உள்விளிம்பில் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து வாயுவோடு நிரப்பினால் கோலி ரப்பர்மேல் போய் உட்காரும், உள்ளிருக்கும் வாயு அதை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். தக்கையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். கட்டையால் குத்தினால் வரும் அந்தச் சத்தத்தை நம்மில் பலர் காது இன்னும் மறக்கவில்லை.

கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் இரண்டு குழி அழுந்தியிருக்கும். கண் மாதிரி இருக்கும் அவற்றுக்கும் ஒரு வேலை உண்டு. அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்துக் குடித்தால் கோலி குழியில் தங்கிவிடும், வாயை அடைக்காது. மறுபக்கமாகச் சாய்த்தால் சோடா வரவே வராது. சின்ன வயதில் இது தெரியாமல் பாட்டிலைக் குலுக்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் எத்தனை!

கிணற்றிலிருந்து வந்த என் பாட்டிலின் அடியோரத்தில், உருப்பெருக்கி வைத்துப் பார்த்தபோது, 'பார்ன்ஸ்லி' என்ற ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் புடைத்திருந்தது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் காட் கூட்டுச் சேர்ந்து இந்தப் பாட்டிலைச் செய்த ஊர் அது. அங்கே ஊதிய கண்ணாடி கப்பலேறி, மதுரையில் ஒரு வீட்டுக் கிணற்றில் வந்து விழுந்திருக்கிறது. மூன்று நாள் கழுவாமல் வைத்திருந்ததற்கு அந்த எழுத்தே எனக்குப் போதுமான கூலி. குழந்தைகள் கோலிக்காக உடைத்தே பெரும்பாலான பாட்டில்கள் அழிந்தன, ஆகவே முழுதாகக் கிடைக்கும் ஒவ்வொன்றையும் பத்திரமாகக் கையாளுங்கள்.

போலி இந்த ரகத்தில்தான் அதிகம். கோலி பாட்டில் இந்தியாவில் இன்றும் தயாராகிறது, பழைய பெயர்களைப் பொறித்த புதுப் பாட்டில்களும் சந்தையில் உண்டு. கண்ணைப் பறிக்கும் ஊதா, கரும்பச்சை, நீலம் என்றால் சந்தேகப்படுங்கள். அடியில் தேய்மானம் இல்லாமல், மண் மட்டும் பூசினாற்போல் மேலே ஒட்டியிருந்தாலும் சந்தேகம்தான். இன்னொரு தந்திரமும் உண்டு. மங்கிப்போன கண்ணாடியின் உள்ளே எண்ணெய் தடவிவிட்டால் பளபளவென்று தெரியும். வாயில் விரல் விட்டுப் பாருங்கள், வழுக்கினால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

எப்படிக் கழுவுவது

கழுவும் முன் மூன்று கேள்வி. உள்ளே ஏதாவது இருக்கிறதா? பழைய மருந்து சீசாவில் மிச்சமிருக்கும் பொடியையோ திரவத்தையோ முகர்ந்து பார்க்காதீர்கள். ஆர்செனிக்கும் பாதரசமும் மருந்தாகவே விற்ற காலம் அது. மூடியைத் திறக்காமல், தெரிந்த வேதியியல் ஆசிரியரிடமோ மருந்தாளுநரிடமோ காட்டுங்கள். காகித லேபிள் ஒட்டியிருக்கிறதா? இருந்தால் வெளிப்பக்கம் தண்ணீரே படக் கூடாது, உலர்ந்த பிரஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கலர் பெயின்டால் எழுதியிருக்கிறதா? கலர் கம்பெனிகளின் பிற்காலப் பாட்டில்களில் இது உண்டு. அமிலமும் சலவை சோடாவும் அந்த எழுத்தை மங்கச் செய்யும், மிதமான சோப்புத் தண்ணீர் மட்டுமே அதற்கு ஏற்றது.

மூன்றுக்கும் 'இல்லை' என்றால் பிளாஸ்டிக் வாளியில் பழைய துண்டை மடித்துப் போட்டு, அறைச்சூட்டில் இருக்கும் தண்ணீர் ஊற்றிப் பாட்டிலைப் படுக்க வையுங்கள். வெந்நீர் வேண்டாம். தொடக்கத்தில் ஒரு அழகான மைக்கூட்டில், அழுக்கு சீக்கிரம் போகட்டும் என்று கொதித்த தண்ணீரை ஊற்றினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், தோளிலிருந்து அடிவரை பிளந்துவிட்டது. தடித்த கண்ணாடியின் உட்பக்கம் சட்டென்று விரிய, வெளிப்பக்கம் குளிர்ந்தபடியே இருந்தால் நடுவில் கிழியாமல் என்ன செய்யும்? இன்றுவரை அந்த மைக்கூட்டை நினைத்தால் மனது வலிக்கிறது.

இரண்டு நாள் வெறும் தண்ணீரில் ஊறினாலே பாதி மண் விட்டுவிடும். பிறகு ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி சலவை சோடா போட்டு இன்னும் இரண்டு மூன்று நாள். ஆப்ப சோடா வேறு, சலவை சோடா வேறு, கடையில் பார்த்து வாங்குங்கள். எண்ணெய்ப் பிசுக்கும் தாரும் இதில் இளகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தோலை அரிக்கும்.

உள்ளே சுரண்ட வேண்டிய இடத்துக்கு வளையும் கம்பியில் செய்த பாட்டில் பிரஷ் உதவும். பிரஷ் எட்டாத மூலைக்கு நம் பாட்டிமார் சொன்ன வழியே வழி. ஒரு பிடி பச்சரிசியோ நொறுக்கிய முட்டை ஓடோ போட்டு, கால்வாசி தண்ணீரும் இரண்டு சொட்டு சோப்பும் விட்டு, வாயை உள்ளங்கையால் பொத்திச் சுழற்றுங்கள். ஆற்று மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது, கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் கீறல் விழும். இரும்பு நார், சபீனா மாதிரிப் பொடி, அடுப்புச் சாம்பல் மூன்றையும் இதே காரணத்துக்காக ஒதுக்கிவிட்டேன்.

கிணற்றுப் பாட்டிலில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு. சலவை சோடாவை நன்றாக அலசிவிட்டு வினிகரிலோ, எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரிலோ ஊறவையுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பேதான். இரும்புக் கறைக்கும் எலுமிச்சை உப்பே போதும், ஒரு வாரம்வரை பொறுக்க வேண்டியிருக்கும். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றிச் சட்டென்று முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதன் புகை நுரையீரலுக்குக் கெடுதல், அருகில் பிளீச்சிங் பவுடர் இருந்து இரண்டும் கலந்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. ஒரு வாரம் மிச்சப்படுத்த அந்த வழி வேண்டாம்.

கோலி பாட்டிலுக்குத் தனிப் பொறுமை வேண்டும். கோலிக்குக் கீழே மண் இறுகியிருக்கும், கம்பியை விட்டு நெம்பினால் கழுத்து உடையும். ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி, மீண்டும் ஊறவிடுங்கள். ஒரு நாள் காலையில் கோலி தானாக அசையும். அரிசி போட்டு அலசியதும் அந்த இரண்டு குழியும் கீழே இருக்கும்படி சாய்த்துக் கொட்டினால் கோலி வாயை அடைக்காது, அரிசி முழுதும் வந்துவிடும். பழைய ரப்பர் வளையம் கல்லாக இறுகியிருந்தாலும் பிடுங்காதீர்கள், அதுவும் பாட்டிலின் வயதைச் சேர்ந்தது.

கண்ணாடி அடைப்பான் இறுகிவிட்டால் முறுக்காதீர்கள். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு இடுக்கில் விட்டு ஒரு நாள் கழித்து, மரக்கரண்டிக் காம்பால் இருபுறமும் மெல்லத் தட்டுங்கள். வரவில்லை என்றால் இன்னொரு நாள்.

எல்லாம் செய்தும் ஒரு பால்மங்கல் போகாமல் நின்றால் அது அழுக்கு அல்ல. ஈர மண் பல பத்தாண்டுகளாகக் கண்ணாடியிலிருந்து சோடியத்தை உறிஞ்சி எடுத்ததால் மேற்பரப்பே மாறிவிட்டது. சிலவற்றில் அது மயில்கழுத்து நிறங்களாக மின்னும், சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். சீரியம் ஆக்சைடு பொடியும் செம்புத் துணுக்குகளும் போட்டு இயந்திரத்தில் நாள்கணக்கில் உருட்டி மெருகேற்றுகிறார்கள். பாட்டில் புதுசாகிவிடும், புடைப்பெழுத்தின் கூர்மையும் கொஞ்சம் போய்விடும். நான் செய்வதில்லை. மண் அதன்மேல் எழுதியதையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறேன்.

எப்படி வைப்பது

தலைகீழாகச் சாய்த்து இரண்டு மூன்று நாள் நன்றாக உலர்ந்த பிறகே அலமாரியில் ஏற்றுங்கள். ஈரத்தோடு தக்கை போட்டு மூடினால் உள்ளே மங்கல் தொடங்கும், கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். நேர் வெயில் விழும் ஜன்னல் வேண்டாம், நிறமில்லாப் பாட்டிலில் ஊதா ஏறக்கூடும். தட்டின் முன்விளிம்பில் ஒரு மெல்லிய மரச்சட்டம் அடித்துவிட்டால் குழந்தை இடித்தாலும் விழாது. விற்கவோ வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பவோ எண்ணினால், நூறு ஆண்டைத் தாண்டிய பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. 'இது தொல்பொருள் அல்ல' என்று தொல்லியல் துறை தரும் சான்றிதழை வாங்கிய பிறகே அனுப்புங்கள்.

அடியில் ஒரு சின்ன எண் ஒட்டி, அதே எண்ணை நோட்டில் எழுதுங்கள். சேகரிப்பில் மிகவும் எளிதாகத் தோன்றி மிகவும் தள்ளிப்போகிற வேலை இது. எனக்கும் முதல் இருபது பாட்டில் எங்கே கிடைத்தவை என்பது இப்போது பாதிதான் நினைவிருக்கிறது. கிணற்றுப் பாட்டிலுக்கு அன்றே எழுதிவிட்டேன்:

எண் 41. கோலி சோடா பாட்டில். இளம் பச்சை. அடியோரத்தில் பார்ன்ஸ்லி. முன்பக்கப் பெயர் தேய்ந்துவிட்டது, கடைசி இரண்டு எழுத்து மட்டும் தெரிகிறது. உதட்டில் ஒரு சிறு சில்லு போயிருக்கிறது, பழைய காயம். எங்கள் தெருமுனை வீட்டுக் கிணறு, தூர் வாரியபோது. விலை இல்லை, எடுத்துக் கொடுத்தவருக்கு டீயும் வடையும். கோலி அசைய 19 நாள்.